அது விற்பனை இல்ல, மொய்! கைக்குழந்தையோட வீட்டிலிருந்தே நெட்வொர்க் மார்க்கெட்டிங்: ஒரு ஆடிட்டரோட கணக்கு



"மேடம், மெட்டர்னிட்டி லீவ் அடுத்த மாசம் முடியுது. குழந்தையைப் பார்த்துக்க ஆள் இல்ல. கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி ஒரு பிசினஸ் சொல்றா, வீட்டிலிருந்தே பண்ணலாமாம். வேலையை விட்டுடட்டுமா?" இந்தக் கேள்வி வராத மாசமே இல்ல. பாதி நேரம் கேட்கிறது கணவர்தான். வடபழஞ்சி, இலந்தைக்குளம் ஐடி பார்க்ல வேலை பார்ப்பார், மனைவி தனியார் பள்ளியிலோ பேங்க்லயோ இருப்பாங்க. ரெண்டு பேர் சம்பளத்துலதான் வீட்டுக்கடன் ஓடும்.

முதல்லயே சொல்லிடறேன், இந்த ஆசையில தப்பே இல்ல. மாமியாருக்கு முட்டி வலி, அம்மா உசிலம்பட்டியில இருக்காங்க, நம்பிக்கையான க்ரெஷ் பக்கத்துல இல்ல. காலையில பத்துல இருந்து ரெண்டு வரைக்கும் மட்டும் வேலை கொடுக்கிற ஆபீஸ் மதுரையில எத்தனை இருக்கு? அந்த நிலைமையில ஒருத்தர் வந்து "நேரம் உங்க கையில, பிள்ளையும் உங்க கண் முன்னாடி"ன்னு சொன்னா யாருக்குத்தான் பிடிக்காது? அதனால கிண்டல் பண்ண மாட்டேன். கணக்கு மட்டும் போடுவோம்.

நம்ம பக்கத்து ஊர்லயே இதுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. மதுரையிலிருந்து வத்தலக்குண்டு போற வழியில நிலக்கோட்டை. மல்லிகைப்பூவுக்குப் பேர் போன ஊர். அங்கதான் ஆம்வே இந்தியா 2015-ல் தன்னோட தொழிற்சாலையைத் திறந்தது. 1998-ல் இருந்து இந்தியாவுல தொழில் நடத்துற கம்பெனி. 2022 ஏப்ரல்ல அமலாக்கத் துறை இந்த நிறுவனத்தோட 757.77 கோடி ரூபாய் சொத்துகளை முடக்கியது. அந்தப் பட்டியல்ல திண்டுக்கல் மாவட்டத்து நிலமும் தொழிற்சாலைக் கட்டடமும் இருந்துச்சு. டைரக்ட் செல்லிங் என்ற பேர்ல பிரமிடு மோசடி நடந்திருக்கு, பெரும்பாலான பொருட்களோட விலை சந்தையில இருக்கிற மாற்றுப் பொருட்களைவிட மிக அதிகம் என்பது அமலாக்கத் துறையின் குற்றச்சாட்டு. 2023 நவம்பர்ல ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றத்துல புகாரும் தாக்கல் ஆச்சு. நிறுவனம் தரப்புல, இது 2011-ல் தொடங்கிய பழைய விசாரணை, நாங்க ஒத்துழைச்சுக்கிட்டுதான் வர்றோம்னு சொன்னாங்க. குற்றச்சாட்டு வேற, தீர்ப்பு வேற. அதனால யார் சரின்னு நான் இங்க பேசப் போறதில்ல.

எனக்கு வேண்டியது அமலாக்கத் துறை அறிக்கையில இருந்த ரெண்டு எண்கள்தான். 2002-03 முதல் 2021-22 வரை கம்பெனி தொழில் மூலமா வசூலிச்சது 27,562 கோடி. 2020-21 வரைக்கும் விநியோகஸ்தர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் கொடுத்த கமிஷன் 7,588 கோடி. ரெண்டுக்கும் ஒரு வருஷ வித்தியாசம் இருக்கு. இருந்தாலும் தோராயமா நூத்துக்கு 27 ரூபாய். இந்த 27 ரூபாய் எங்கிருந்து வருது? பொருளோட விலையிலிருந்துதான். அந்த விலையைக் கொடுக்கிறது யாருங்கிறதுலதான் மொத்த விஷயமும் இருக்கு.

கடையில ஒரு சோப்பு வித்தா, வாங்கினவர் வெளியாள். கடைக்காரருக்கும் அவருக்கும் எந்த ஒட்டும் உறவும் வேண்டியதில்ல. நெட்வொர்க் மார்க்கெட்டிங்ல மாசாமாசம் இத்தனை பாயின்ட் எடுத்தாதான் "ஆக்டிவ்"ங்கிற மாதிரி ஏதாவது விதி பெரும்பாலும் இருக்கும். அந்த பாயின்ட்டை எட்ட முதல்ல வாங்குறது நீங்களேதான். அடுத்து உங்க டவுன்லைன், அவங்களும் அவங்க பாயின்ட்டுக்காக. அதுக்கப்புறம் மிச்சமிருக்கிறது சொந்தபந்தம்.

ஒரு மாசக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் நானா வச்சது, உங்க எண்களைப் போட்டு மாத்திக்கோங்க. ஒரு அம்மா, கைக்குழந்தையோட, தினம் ரெண்டு மணி நேரம்னு மாசம் 25 நாள் வேலை செய்றாங்க. மொத்தம் 50 மணி நேரம். தெரிஞ்சவங்களுக்கு 8,000 ரூபாய்க்கு விக்கிறாங்க, 15% லாபம்னா 1,200. கமிஷன் 900. ஆக வரவு 2,100. வீட்டுல இந்த எண்ணைத்தான் சொல்வாங்க, ஆப் ஸ்க்ரீன்ஷாட்டோட.

இப்போ செலவு. ஷேர் ஆட்டோ, பெட்ரோல் 500. கூடுதல் ரீசார்ஜ் 100. ஹோட்டல் ஹால்ல நடக்கிற ட்ரெய்னிங் டிக்கெட் 400. சாம்பிள், வந்தவங்களுக்கு டீ, பலகாரம் 300. "அப்புறம் தர்றேன் அக்கா"ன்னு போய் வராமலே போன பாக்கி 500. இது 1,800. இதோட முடியல. ஆக்டிவா இருக்க வீட்டுக்குன்னு 4,000 ரூபாய்க்குப் பொருள் எடுத்திருக்காங்க. அதே தேவைக்கு முன்னாடி மளிகைக் கடையில ஆனது 1,800. கூடுதல் 2,200-ம் இந்தத் தொழிலோட செலவுதான். மொத்தச் செலவு 4,000. வரவு 2,100. மாசம் 1,900 ரூபாய் நஷ்டம்.

சரி, வீட்டுக் கொள்முதலை விட்டுடலாம்னு வச்சுக்குவோம். ஆக்டிவ் இல்லாம அந்த 900 கமிஷன் எப்படி வரும்னு கேட்காதீங்க, வருதுன்னே வைப்போம். மிச்சம் 300 ரூபாய். 50 மணி நேரத்துக்கு. மணிக்கு 6 ரூபாய். அந்த 50 மணி நேரமும் பிள்ளை தூங்குற நேரத்துல, தானும் தூங்க வேண்டிய அம்மா கொடுத்த நேரம். ராத்திரி ஒன்பது மணி ஜூம் மீட்டிங்ல கேமராவை ஆஃப் பண்ணிட்டு பால் கொடுத்துக்கிட்டே கேட்கிறவங்களை எனக்குத் தெரியும்.

"இது ஆரம்பம்தான் மேடம், டவுன்லைன் வந்தா மாறும்"னு சொல்வாங்க. நீங்க 6 பேர், அவங்க ஒவ்வொருத்தரும் 6 பேர்னு போனா எட்டாவது படியில மட்டும் 16.8 லட்சம் பேர். ஒன்பதாவது படியில ஒரு கோடியைத் தாண்டும். 2011 கணக்கெடுப்புப்படி மதுரை மாவட்டத்து ஜனத்தொகையே 30 லட்சம் சொச்சம், பால்குடிப் பிள்ளைகளையும் சேர்த்து. மேல இருக்கிற சிலர் நிஜமாவே சம்பாதிக்கிறாங்க, அதை மறுக்கல. ஆனா எல்லாருக்கும் கீழ எப்பவும் ஆள் இருக்க முடியாது.

அமெரிக்காவுல இதைத் தோண்டிப் பார்த்தாங்க. அங்கத்திய ஃபெடரல் டிரேட் கமிஷன், எம்எல்எம் கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட 70 வருமான அறிக்கைகளைப் படிச்சு 2024 செப்டம்பர்ல ஒரு அறிக்கை கொடுத்தது. பெரும்பாலான கம்பெனிகள்ல பெரும்பாலானவங்க பெற்றது வருஷத்துக்கு 1,000 டாலர் அல்லது அதுக்கும் கீழ. இது செலவைக் கழிக்காத எண். அதுக்கு முன்னாடியே, 2016-ல் ஹெர்பாலைஃப் நிறுவனம் அதே கமிஷனோட செஞ்ச சமரசத்துல 20 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கிச்சு. விநியோகஸ்தர்களுக்குத் தர்ற பணத்துல மூணுல ரெண்டு பங்காவது சரிபார்க்கக்கூடிய சில்லறை விற்பனையை வச்சுதான் இருக்கணும்னு நிபந்தனையும் வந்துச்சு. அவங்களும் கடைசியில கேட்டது நாம கேட்ட அதே கேள்விதான்: வாங்குறவர் வெளியாளா?

இந்தக் கேள்விக்கு மதுரைக்காரங்களுக்கு அமெரிக்கா தேவையே இல்ல. நம்மகிட்ட மொய் நோட்டு இருக்கு.

காதுகுத்துக்கு மதினி 2,000 ரூபாய் எழுதினா அது நமக்கு வருமானமா? இல்ல. அவங்க வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். நோட்டுல பேர், ஊர், தொகை எல்லாம் இருக்கும். அதே மதினி, உங்க பிள்ளையைப் பார்க்க வந்த இடத்துல, முகத்துக்காக 900 ரூபாய்க்கு ஒரு புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கிட்டுப் போறாங்க. ஆப்ல அது விற்பனைன்னு பதிவாகும். நிஜத்துல அதுவும் ஒரு மொய்தான். நாளைக்கு அவங்க மகன் ஒரு இன்சூரன்ஸ் பாலிசியோட உங்க வீட்டுக்கு வருவான், நீங்க மறுக்க முடியாது. அந்த பிரீமியம் உங்க சம்பளத்துல இருந்து வருஷாவருஷம் போகும். டவுன்லைன்ல சேர்த்துவிட்ட தங்கச்சிக்கு நஷ்டம் வந்தா, அந்தக் கணக்கை எந்த நோட்டுல எழுதுறது?

புதுசா அம்மா ஆனவங்களைச் சுத்தி ஒரு உறவு வட்டம் தானா கூடும். தடுப்பூசி போடப் போன இடத்துல அறிமுகமானவங்க, அப்பார்ட்மென்ட் அம்மாக்கள், கூடப் படிச்சவங்க வாட்ஸ்அப் க்ரூப். பிள்ளைக்கு நடுராத்திரி காய்ச்சல்னா கூப்பிடுற ஆளுங்க இவங்கதான். இவங்க எல்லாரையும் ப்ராஸ்பெக்ட் லிஸ்ட்ல எழுதச் சொல்றதுதான் இந்தத் தொழிலோட முதல் ட்ரெய்னிங்கே. ஒரு ஆடிட்டரா சொல்றேன், கணக்குல எழுதாத முதலீடு இதுதான், ரொம்பப் பெருசும் இதுதான்.

"வீட்டிலிருந்தே சொந்தத் தொழில்"ங்கிறதுல அந்த 'சொந்த' என்ற வார்த்தையையும் கொஞ்சம் பாருங்க. 1950-கள்ல டப்பர்வேரை வீட்டுக்கு வீடு பார்ட்டி வச்சு விக்கிற முறையை அமெரிக்காவுல வளர்த்தெடுத்தவர் ப்ரவுனி வைஸ். கணவரைப் பிரிஞ்சு தனியா மகனை வளர்த்த ஒரு அம்மா. கம்பெனியோட துணைத் தலைவர் ஆனார், 1954-ல் பிசினஸ் வீக் அட்டையிலயும் வந்தார். 1958-ல் கம்பெனி அவரை வெளியே அனுப்பினப்போ கையில பங்கு எதுவும் இல்ல. (நம்ம வீட்டுல அந்த டப்பா ஒன்னு தொலைஞ்சா நடக்கிற சண்டை தனிக்கதை.) அவ்வளவு பெரிய ஆளுக்கே அப்படி. பொருள், விலை, கமிஷன் விகிதம், ஆப் எல்லாம் கம்பெனியோடது. நாளைக்கு விகிதத்தை மாத்தினா உங்களால என்ன செய்ய முடியும்?

சட்டம் என்ன சொல்லுது? 1978-ல வந்த பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் இன்னிக்கும் இருக்கு. 2021 டிசம்பர்ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள் பிரமிடு திட்டத்தையும் பணச் சுழற்சியையும் நேரடியா தடை செய்யுது. எழுத்துல ஒப்பந்தம் இருக்கணும். கூலிங் ஆஃப் காலத்துக்குள்ள அபராதம் இல்லாம நீங்க விலகலாம். விக்கிறவர் அடையாள அட்டை இல்லாம, முன்கூட்டியே கேட்காம ஒரு வீட்டுக்குப் போகவே கூடாது. "ஜாயினிங் பேக்கேஜ் 15,000"னு யாராவது சொன்னா அங்கயே எழுந்து வந்துடுங்க. சேர்க்கைக் கட்டணமே கூடாதுன்னு மத்திய அரசோட 2016 வழிகாட்டு நெறிமுறையிலயே இருந்துச்சு.

வரி விஷயத்துல பலரும் சறுக்குற இடம் ஒன்னு இருக்கு. கமிஷன் வருமானத்துக்கு 44ஏடி அனுமானக் கணக்கு செல்லாது. அதனால வரவு செலவு எழுதி ஐடிஆர்-3 போடணும். வருஷத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினா கம்பெனி 2% டிடிஎஸ் பிடிக்கும். பேன் கொடுக்கலன்னா அது 20% ஆயிடும். "ஃப்ரீ" தாய்லாந்து டூர் அடிச்சா, 2022 ஜூலையிலிருந்து அதுக்கும் 194ஆர் பிரிவுல 10% டிடிஎஸ் உண்டு. டூரோட மதிப்பு உங்க வருமானத்துல சேரும், ஆனா பேங்க்ல ஒரு பைசா வந்திருக்காது. கணவர் சும்மா கொடுத்த முதல்ல மனைவி தொழில் தொடங்கினா, லாபத்துல அந்த முதலுக்குரிய பங்கு கணவர் வருமானத்தோட சேர்க்கப்படும். (பிரிவு எண்கள் 1961 சட்டத்தோடது. 2026 ஏப்ரலிலிருந்து வர்ற புதுச் சட்டத்துல எண்கள் மாறுது.)

வேலையை விடுறதுக்கு முன்னாடி ஹெச்ஆர்கிட்ட ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்க. 2017 திருத்தத்துக்கு அப்புறம் முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவ் உண்டு. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற இடத்துல க்ரெஷ் வசதி சட்டப்படி இருக்கணும். லீவ் முடிஞ்ச பிறகும், வேலை அப்படிப்பட்டதா இருந்தா, ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டு வீட்டிலிருந்தே செய்யலாம்னும் அதே சட்டத்துல இருக்கு. இதைக் கேட்கவே கூச்சப்பட்டு ராஜினாமா கொடுக்கிறவங்கதான் அதிகம். அடிப்படைச் சம்பளம் 15,000 இருந்தாலே பிஎஃப்ல உங்க பங்கு 1,800, கம்பெனி பங்கு 1,800. வேலையை விட்ட அன்னிக்கே அந்த ரெண்டாவது 1,800 நின்னுபோகும். மூணு வருஷ இடைவெளிக்கு அப்புறம் அதே சம்பளத்துல திரும்ப உள்ளே போறது எவ்வளவு கஷ்டம்னு இன்டர்வியூ போனவங்களைக் கேளுங்க.

இதெல்லாம் தெரிஞ்சும் செஞ்சு பார்க்கணும்னு தோணுதா? லீவ்ல இருக்கும்போதே ஆபீஸ் விதியைப் பார்த்துட்டு, மூணு மாசம் மட்டும், சொந்தக்காரங்க யாருக்கும் விக்காம முயற்சி பண்ணுங்க. முன்பின் தெரியாத பத்துப் பேர் ரெண்டாவது தடவையும் உங்ககிட்ட வாங்கினா, உங்களுக்கு விக்கிற திறமை இருக்கு. அந்தத் திறமைக்கு அப்பளமோ சுங்குடிச் சேலையோ கூட நல்ல பொருள்தான், விலையை நீங்களே வைக்கலாம்.

சேரச் சொல்ற அப்லைன் அக்காகிட்ட ஸ்க்ரீன்ஷாட் கேட்காதீங்க. அவங்களோட போன வருஷத்து 26ஏஎஸ் படிவத்தைக் கேளுங்க. வருமான வரி தளத்துல ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாம். கம்பெனி கொடுத்த கமிஷன் அதுல வரும். அந்தக் கம்பெனி பேரே இல்லன்னா வருஷத்துக்கு 20,000 கூடத் தாண்டலன்னு அர்த்தம், இல்ல கம்பெனி டிடிஎஸ் ஒழுங்கா கட்டல. தொகை இருந்தா சந்தோஷம், உட்கார்ந்து பேசுங்க. அது செலவு கழிக்காத மொத்தத் தொகை, அதனால பெட்ரோல், மீட்டிங் டிக்கெட், வீட்டுக்கு எடுத்த பொருள் எவ்வளவுன்னும் சேர்த்தே கேட்டுடுங்க.