புயற்காலத்தில் மின்சார யந்திரம்

2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி வேதாரணியத்தருகே கரையேறிய கஜா புயலுக்குப்பின், டெல்டாக் கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்தன. ஆகையால் ஜெனரேட்டர் வைத்திருக்கும் விவசாயிகள் ஐப்பசிக்கு முன்பே அதை ஓட்டிச் சோதித்தல் அவசியம்.

யந்திரத்தை வீட்டினுள்ளும் திண்ணையிலும் மாட்டுக்கொட்டகையிலும் ஓட்டலாகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு, நிறமும் மணமுமற்ற விஷவாயு. உறங்குவோரை உறக்கத்திலேயே கொல்லும். வீட்டிலிருந்து 20 அடிக்கப்பால், மேலே மட்டும் கூரையிட்டு வைத்தல் வேண்டும்.

மெயின் ஸ்விட்சை நிறுத்தாமல் வீட்டுக் கம்பியில் இணைத்தால், மின்சாரம் திரும்பிச் சென்று டிரான்ஸ்பார்மரில் 11,000 வோல்ட்டாக உயரக்கூடும். அறுந்த கம்பியைச் செப்பனிட வந்தவர் உயிரிழப்பார். ஆதலால் தேர்ந்த மின்பணியாளரைக்கொண்டு சேஞ்ச் ஓவர் ஸ்விட்சை இப்பொழுதே அமைத்துக்கொள்வீர்களாக. கிராம அதிகாரிகள் இதனை ஊரார் யாவருக்கும் அறிவித்தல் நன்று.