முடக்கிய உத்தரவின் நகல் எங்கே?

சாதிய வன்கொடுமைச் செய்திகள் பலவற்றை முதலில் வெளிக்கொணர்பவை சிறிய இணையதளங்களும் தனிநபர் காணொளிப் பக்கங்களுமே. அவற்றுள் ஒன்று திடீரெனத் திறக்க மறுத்தால், அது தொழில்நுட்பக் கோளாறா, அரசின் தடையா என்பதே பல நாள்கள் தெரிவதில்லை. இந்தத் தெரியாமை தற்செயலானதன்று. சட்டத்திலேயே அதற்கு இடமிருக்கிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 69ஏ பிரிவு இணையத் தகவல்களை முடக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு வழங்குகிறது. நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நல்லுறவு, பொது ஒழுங்கு ஆகியவையும் இவை சார்ந்த குற்றங்களைத் தூண்டுவதைத் தடுத்தலுமே அதற்கான காரணங்களாக இருக்க முடியும். ஆட்சியாளரின் மனம் புண்படுவது இப்பட்டியலில் இல்லை. ஆயினும், உத்தரவை மீறும் இடைநிலை நிறுவனத்திற்கு ஏழாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. எனவே, நமக்காக எந்த நிறுவனமும் வாதாடும் என எதிர்பார்க்க இயலாது.

2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை நீக்கியதைக் கொண்டாடினோம். அதே தீர்ப்பு 69ஏ பிரிவைச் செல்லும் என்றதை அந்த அளவுக்கு நாம் பேசவில்லை. 2009ஆம் ஆண்டு விதிகளில் பாதுகாப்புகள் உள்ளன என்பதே நீதிமன்றம் கூறிய காரணம். காரணங்கள் எழுத்தில் பதிவாக வேண்டும். அவற்றை ரிட் மனுவில் எதிர்க்கலாம். 8ஆம் விதியின்படி அறிவிப்பு அனுப்பி, பதிலளிக்கக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும். ஆனால், 9ஆம் விதி அவசரம் என்ற பெயரில் முன்னறிவிப்பின்றி முடக்க அனுமதிக்கிறது. 16ஆம் விதி அனைத்தையும் இரகசியமாக்குகிறது. கையில் கிடைக்காத உத்தரவை ஒருவர் எவ்வாறு எதிர்ப்பார்?

வரதட்சணையைக் கேலி செய்த ஓர் இணையதளம் 2018இல் முடக்கப்பட்டது. உத்தரவின் நகலை அதன் உரிமையாளருக்குக் கொடுத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது 2022இல்தான். நகல் பெறவே நான்காண்டுகள்!

நம் மாநிலத்தில், 2025 பிப்ரவரியில் பிரதமரைச் சித்திரித்த ஒரு கேலிச்சித்திரத்திற்காக விகடன் இணையதளம் முழுவதுமே முடங்கியது. மார்ச் 6 அன்று, அச்சித்திரப் பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் எனச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஒரு பக்கத்தின் மீதான புகாருக்காக முழுத் தளத்தையும் மூடுவது அளவுக்கு மீறியது என்ற வாதத்திற்கு இவ்வுத்தரவு வலுச் சேர்க்கிறது. ஆனால், சர்ச்சைக்குரிய பக்கம் தீர்ப்புக்கு முன்பே மறைந்துபோனதை வெற்றி என்று என்னால் சொல்ல முடியவில்லை. நூறாண்டு வரலாறுள்ள நிறுவனத்திற்கே இந்த நிலையென்றால், நான்கு மாணவர்கள் சேர்ந்து நடத்தும் தளத்தின் கதி என்ன?

ஆகவே, ஆயத்தம் முன்கூட்டியே வேண்டும். ஆசிரியரின் பெயரும் தொடர்பு மின்னஞ்சலும் தளத்தில் தெளிவாக இருக்கட்டும். இல்லையெனில், வெளியிட்டவரைக் கண்டறிய முடியவில்லை என்று அரசு எளிதில் கைகழுவிவிடும். ஒவ்வொரு கட்டுரையின் படியையும் வேறொரு சேமிப்பகத்தில் வையுங்கள். தளம் முடங்கினால், வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்புகளில் திறந்து பார்த்து, தேதி நேரத்துடன் திரைப்பதிவு எடுங்கள். அப்பதிவுகளை நீதிமன்றத்தில் சான்றாக முன்வைக்க, பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படியான சான்றிதழ் தேவைப்படும்.

பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை ஒருபோதும் வெளியிடாதீர்கள். அது அவருக்கு இழைக்கும் அநீதி, சட்டப்படி குற்றமும்கூட. செய்தியையே அகற்ற நினைப்பவர்களுக்கு அதைவிட எளிய காரணம் கிடைக்காது.

அதன்பின், உத்தரவின் நகலையும் காரணங்களையும் எழுத்துமூலம் துறையிடம் கேளுங்கள். மறுத்தாலும் பதிலளிக்காவிட்டாலும் அக்கடிதமே மனுவின் முதல் ஆவணமாகும். உத்தரவு டெல்லியில் பிறப்பிக்கப்பட்டிருந்தாலும், பாதிப்பு இங்கே நேர்ந்திருப்பதால், அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் உறுப்பின்கீழ்ச் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ வழக்குத் தொடுக்கலாம்.