கிழட்டுப் பூனை ஏன் இராவெல்லாம் கத்துகிறது?

பத்து வருடமாக லயத்தில் எலி பிடித்துத் திரிந்த பூனை திடீரென நடு இராவில் உரக்கக் கத்தத் தொடங்கும். மடியை விட்டு இறங்காதது, தடவினால் சீறும். வெளி மண்ணைத் தேடிப் போய் ஒதுங்கியது, அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே மூத்திரம் பெய்யும். "வயசாயிருச்சு" என்பார் ஒருவர், "சகுனம் சரியில்லை" என்பார் இன்னொருவர். கேகாலையானாலும் இரத்தினபுரியானாலும் தோட்டங்களில் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். இரண்டுமே அந்தப் பிராணிக்குச் செய்யும் அநியாயம். முதுமை மெல்ல மெல்லத்தான் வரும். ஒரே வாரத்தில் குணம் மாறினால், நோய் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

பூனை வலியை வெளியே காட்டாது. வேட்டையாடினாலும், தன்னைவிடப் பெரிய மிருகத்துக்கு இரையாகக்கூடிய சிறு உடம்பு அது; நொண்டிக் காட்டினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பழக்கத்தைத்தான் மாற்றிக்கொள்ளும். அடுப்புக்கு மேலே விறகு காயும் பரணுக்கு ஒரே தாவலில் ஏறிய பூனை, முதலில் பெட்டியில் கால் வைத்து ஏறும். சில நாள் போனால், கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு அடுப்போரம் சுருண்டு கொள்ளும். திரும்பி நக்க முடியாமல் இடுப்பு மயிர் சடை பிடிக்கும். 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு இருந்தது. தூக்கும்போது சீறுவது பெரும்பாலும் கோபமல்ல, வலி.

இராக் கத்தலுக்குப் பின்னால் தைராய்டு இருக்கலாம். 10 வயதுக்கு மேல் பல பூனைகளுக்குக் கழுத்திலுள்ள இந்தச் சுரப்பி பெருத்து, அளவுக்கு மீறிச் சுரக்கிறது. 1979இல்தான் மருத்துவ உலகம் இந்நோயைத் தெளிவாக விவரித்தது. வைத்த சோற்றையும் மீனையும் வழித்துத் தின்னும், ஆனாலும் மெலியும், ஓரிடத்தில் நில்லாது. சிறுநீரகம் பழுதானால் ஓயாமல் தண்ணீர் குடிக்கும். இரண்டுமே இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. அழுத்தம் மிஞ்சி விழித்திரை கழன்றால் ஒரே இராவில் கண் போய்விடும். பகல் வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே கிடந்து, பூனை எதிலும் முட்டி மோதினால், அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். மூளைத் தளர்ச்சியும் உண்டு: மனிதரின் அல்சைமர் நோயில் சேரும் அமிலாயிட் புரதம் பூனை மூளையிலும் படிகிறது. மற்ற நோய்கள் இல்லை என்று பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வரலாம்.

இலங்கையில் விசர்நாய்க்கடியை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. அந்த நோய் பூனைக்கும் வரும், பூனையிலிருந்து நமக்கும் வரும். தடுப்பூசி போடாத பூனை காரணமில்லாமல் பாய்ந்து கடித்தால், குரல் மாறினால், எச்சில் வடித்தால் கிட்டப் போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். கடியோ கீறலோ பட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லுங்கள்.

முனகுகிறதே என்று இரக்கப்பட்டுப் பனடோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்த மருந்தை முறிக்கும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. நஞ்சேறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகும். ஒரு வில்லையே கொல்லப் போதும்.

மாதம் ஒருமுறை பூனையைக் கூடையில் வைத்துத் தராசில் நிறுத்துக் குறித்து வையுங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் குறைவது, 60 கிலோ ஆள் 6 கிலோ மெலிவதற்குச் சமம். அரச மிருக வைத்தியரிடம் போகும்போது அந்தக் கணக்கையும் கொண்டு போங்கள். மேலதிகப் பரிசோதனை வேண்டுமென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஒரு நாள் பேரை, அந்த நாள் சம்பளத்தை, இழந்துதான் போக வேண்டியிருக்கும், தெரியும். ஆனாலும் போங்கள், மூட்டு வலிக்கும், தைராய்டுக்கும், இரத்த அழுத்தத்துக்கும் மருந்து இருக்கிறது.