வக்கீல் வீட்டுக்குப் போகுமுன்...
வயதானவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆலங்குடிப் பக்கம் ஒரு பாட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவர் இல்லை. ஓட்டு வீடும் ஒன்றரை ஏக்கர் நிலமும் உண்டு.

"கடைசி வரைக்கும் நான் கஞ்சி ஊத்துறேன், ஆத்தா" என்றான் மகன். பாட்டி நம்பினாள். பத்திர ஆபீசில் கைநாட்டு வைத்தாள். சொத்து மகன் பெயருக்குப் போயிற்று. ஆறே மாதத்தில் கஞ்சி நின்றது. பாட்டி திண்ணைக்கு வந்தாள்!

"ஒரு வக்கீலைப் பிடி" என்கிறார்கள் ஊரார். எந்த வக்கீலை? எவ்வளவு பணத்துக்கு?

வக்கீல் இல்லாமலே ஒரு வழி

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. சொந்த வருமானத்தில் பிழைக்க முடியாத பெற்றோர், பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். மனுவை ஆர்.டி.ஓ.விடம் கொடுக்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில் புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் ஆகிய 3 ஊர்களில் ஆர்.டி.ஓ. அலுவலகம் உண்டு.

மாதம் 10 ஆயிரம் ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போன 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். உத்தரவு பிடிக்காவிட்டால், பெரியவர்கள் 60 நாளுக்குள் கலெக்டரிடம் அப்பீல் செய்யலாம்.

இங்கே வக்கீல் வாதாடக் கூடாது என்று சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. வாதாடலாம் என்று 2021-ல் கேரள ஐகோர்ட்டு தீர்ப்புக் கூறியது. எப்படியானாலும், வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. பெரியவரே பேசலாம். அவர் விரும்பினால், மாவட்ட சமூகநல அலுவலர் அவருக்காகப் பேசலாம்.

எழுதிக் கொடுத்த சொத்து திரும்புமா?

திரும்பலாம். "என்னைக் கவனிக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு இந்தச் சட்டத்துக்குப் பின் எழுதிய பத்திரத்தை 23-வது பிரிவின்படி ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. முதியவர்களுக்கு உதவும் வகையில் இந்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் கூறியது. ஆகவே, வாய்ப்பேச்சு போதாது. நிபந்தனை பத்திரத்தில் இருக்க வேண்டும்!

உயில் வேறு, செட்டில்மெண்ட் வேறு. உயிலை உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். செட்டில்மெண்ட் எழுதினால் சொத்து கைமாறிவிடும். இந்த வித்தியாசத்தை விளக்கிச் சொல்லத்தான் நல்ல வக்கீல் தேவை.

நல்ல வக்கீல் யார்?

சொத்தை வாங்கப் போகிறவர் அழைத்து வரும் வக்கீல், அவருடைய வக்கீல்தான். பெரியவர் தமக்கென்று ஒருவரைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டுத் தனியாகப் பேச வேண்டும். சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, புரியும்படி பதில் சொல்கிறாரா என்று கவனிக்க வேண்டும்.

பிறகு கேட்க வேண்டிய கேள்விகள்: பார் கவுன்சில் பதிவு எண் என்ன? இதுபோன்ற வழக்கு நடத்தியதுண்டா? கோர்ட்டுக்கு நீங்கள் வருவீர்களா, ஜூனியர் வருவாரா? மொத்த பீஸ் எவ்வளவு? கோர்ட்டுக் கட்டணம், டைப் செலவு அதில் சேர்த்தியா?

கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்க வேண்டும். "ஜெயித்தால் சொத்தில் பங்கு கொடு" என்று கேட்பவரிடம் எச்சரிக்கை! பார் கவுன்சில் விதி அதைத் தடை செய்கிறது.

வக்காலத்தைப் படித்துக் காட்டச் சொல்லிய பிறகே கையெழுத்து. வெற்றுத் தாளில் கைநாட்டு கூடவே கூடாது. மூலப் பத்திரத்தை வீட்டில் வைத்து, நகலைத் தர வேண்டும். மூலமே தேவை என்றால், பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்க வேண்டும்.

வக்கீல் திருப்தியில்லையா? மாற்றலாம். பழைய வக்கீலின் சம்மதமோ, கோர்ட்டின் அனுமதியோ வேண்டும்.

பணம் இல்லாவிட்டால்?

புதுக்கோட்டையில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தகுதி உள்ளவர்களுக்கு அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. ஆகவே, அந்தப் பாட்டி ஒரு காசு கொடுக்க வேண்டாம்! போனில் கேட்க எண் 15100. முதியோர் உதவிக்கு 14567.

கைநாட்டு வைக்க ஒரு நிமிடம் போதும். அதைத் திருப்ப எத்தனை வருஷம் நடக்க வேண்டுமோ! அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால், ஒருவரைக் கேட்பதில் தவறில்லை.