தாமதமாகத் தொடங்கி முதலாவதாக வந்தவர்

கார்ப் பந்தய உலகில் பத்தொன்பது வயது, தொடக்கத்திற்குரிய வயதாக எண்ணப்படுவதில்லை. மைக்கேல் ஷூமாக்கர் நான்கு வயதிலும், லூயிஸ் ஹாமில்டன் எட்டு வயதிலும் கோ-கார்ட் ஓட்டத் தொடங்கியவர்கள். கூரையும் அதிர்வுதாங்கியும் இல்லாத, தரையை ஒட்டி ஓடும் அந்தச் சிறு வண்டியில்தான் வளைவில் எப்போது பிரேக் பிடிப்பது, எந்தக் கோட்டில் திரும்புவது என்பனவெல்லாம் கைக்குப் பழகுகின்றன. பெற்றோரின் பணமும் நேரமும் ஆண்டுக்கணக்கில் அதற்கு வேண்டும். ஜப்பானின் டக்குமா சாட்டோவுக்கு அந்த வாய்ப்பு வந்தபோது அவர் கல்லூரி மாணவர்.

1977 ஜனவரியில் டோக்கியோவில் பிறந்த சாட்டோ, 1987 இல் பத்து வயதுச் சிறுவனாகச் சுசுகா ஓடுதளத்தில் ஃபார்முலா 1 பந்தயத்தை நேரில் கண்டார். அன்று ஏழாம் இடத்திலிருந்து புறப்பட்ட அயர்ட்டன் சென்னா இரண்டாவதாக வந்தார். சிறுவனின் மனத்தில் அக்காட்சி பதிந்துவிட்டது. ஆனால் பந்தய வண்டி எட்டாத தொலைவில் இருந்தது. மிதிவண்டி அருகில் இருந்தது. அதில் ஏறினார். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான தேசிய மிதிவண்டிப் போட்டியில் வெற்றியும் கண்டார். பின்னர் வசேதா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

எழுபதில் ஏழு

ஹோண்டா நிறுவனத்தின் ஆதரவுடன் சுசுகாவில் ஒரு பந்தய ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இயங்குவதை அவர் பத்திரிகை ஒன்றின் வழியே அறிந்தார். சிறந்த மாணவருக்கு உதவித்தொகை உண்டு. வயது வரம்பு இருபது. இனி ஓராண்டு தாமதித்தாலும் கதவு மூடிவிடும். 1996 இல் அவர் முதன்முறையாகக் கோ-கார்ட் பந்தயத்தில் இறங்கினார்.

ஏறத்தாழ எழுபது பேர் விண்ணப்பிக்க, இடங்களோ ஏழு. பலருக்குச் சிறுவயது முதற்கொண்டே பந்தய அனுபவம் இருந்தது. பழைய வெற்றிகளை மட்டுமே கணக்கிட்டால் தமக்கு இடமில்லை என்பதை உணர்ந்த சாட்டோ, நேர்முகத் தேர்வு நடத்துமாறு தாமே கேட்டுக்கொண்டார். கோரிக்கை ஏற்கப்பட்டது, இடமும் கிடைத்தது. 1997 இல் அப்பள்ளியின் உதவித்தொகையை வென்றவரும் அவரே.

கையிலிருந்ததை விட்டு

அவ்வெற்றி அவருக்கு ஜப்பானிய ஃபார்முலா 3 தொடரில் இடம் தந்தது. உள்நாட்டில் நல்ல தொடக்கம் அது. எனினும் 1998 இலேயே அதை விட்டு இங்கிலாந்து சென்றார். அங்கே ஆங்கிலம் கற்றுக்கொண்டே, ஃபார்முலா 3 இற்கும் கீழான பிரிவில் ஓட்டினார். ஒருபடி இறங்கி நின்று அடித்தளத்தைக் கட்டிய காலம் அது.

பலன் மூன்றே ஆண்டுகளில் தெரிந்தது. 2000 இல் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 தொடரில் மூன்றாமிடம். 2001 இல் அத்தொடரின் முதல் ஜப்பானியச் சாம்பியன். மக்காவு கிராண்ட் பிரீ பந்தயத்திலும் வெற்றி. 2000 இல் அதே தொடரில் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயனும் ஓட்டினார் என்பது நமக்குச் சுவையான செய்தி. சாட்டோ 2002 இல் ஃபார்முலா 1 இல் அறிமுகமானது ஜோர்டான் அணியில்; நரேன் 2005 இல் ஃபார்முலா 1 இன் முதல் இந்தியராகக் களமிறங்கியதும் அதே அணியில்தான்.

முதல் ஆண்டில் சாட்டோவுக்குப் புள்ளிகள் கிடைத்தது கடைசிப் பந்தயத்தில் மட்டுமே. சிறுவனாக வேடிக்கை பார்த்த அதே சுசுகாவில் ஐந்தாவதாக வந்தார். ஆயினும் அடுத்த ஆண்டு ஜோர்டானில் இடமில்லை. பார் அணியின் சோதனை ஓட்டுநராகக் காத்திருந்தார். 2004 இல் அவ்வணிக்காக இண்டியானாபொலிஸில் மூன்றாமிடம் பெற்று மேடையேறினார். பின்னர் சூப்பர் அகுரி என்னும் சிறிய அணியில் சேர்ந்தார். அது 2008 இல் நிதிப் பற்றாக்குறையால் விலகியதும் அவரது ஃபார்முலா 1 வாழ்வு முடிந்தது. அப்போது வயது முப்பத்தொன்று.

கடைசிச் சுற்றும் ஐந்து சுற்றுகளும்

2010 இல் அமெரிக்காவின் இண்டிகார் தொடரில் புதியவராக நுழைந்தார். அத்தொடரின் மணிமகுடம், 1911 முதல் நடைபெறும் இண்டியானாபொலிஸ் 500. நீள்வட்டத் தளத்தில் 200 சுற்றுகள். மொத்தம் ஏறத்தாழ 805 கிலோமீட்டர். வேகம் மணிக்கு 350 கிலோமீட்டருக்கும் மேல். வென்றவர் பால் அருந்துவது அங்கு மரபு.

2012 இல் கடைசிச் சுற்றின் முதல் வளைவில், முன்னால் சென்ற டாரியோ ஃபிராங்கிட்டியின் உட்புறமாக சாட்டோ பாய்ந்தார். இடம் போதவில்லை, வண்டி சுழன்று சுவரில் மோதியது. இரண்டாமிடம் கையிலிருந்தும் பதினேழாவதாகவே கணக்கிடப்பட்டார். தாக்காதவனுக்கு வாய்ப்பில்லை என்பது அவர் தமக்கென வகுத்துக்கொண்ட வாசகம். அன்று அதற்கான விலையைக் கொடுத்தார்.

2013 இல் லாங் பீச்சில் வென்று, இண்டிகார் பந்தயத்தில் வெற்றி பெற்ற முதல் ஜப்பானியரானார். 2017 மே 28 அன்று இண்டியானாபொலிஸில் அதே துணிச்சலை மீண்டும் கண்டோம், வேறு நேரத்தில். இம்முறை கடைசிச் சுற்றுவரை காத்திருக்கவில்லை. ஐந்து சுற்றுகள் எஞ்சியிருக்கையில், அங்கு மூன்று முறை வென்ற ஹீலியோ காஸ்ட்ரோநெவெஸை முந்தினார். அதன்பின் தம் இடத்தைக் காத்து, 0.2011 வினாடி வித்தியாசத்தில் வென்றார். அப்பந்தயத்தை வென்ற முதல் ஆசியர் அவரே. அப்போது வயது நாற்பது.

2020 ஆகஸ்டில், கொரோனா காரணமாகப் பார்வையாளர் இல்லாத அரங்கில், நாற்பத்து மூன்றாம் வயதில் இரண்டாம் முறையும் வென்றார்.

மீண்டும் பள்ளிக்கு

துணிவு வேண்டும் என்று எல்லோரும் நமக்குச் சொல்வர். எப்போது, எவ்வளவு இடைவெளி இருக்கும்போது துணிய வேண்டும் என்பதை 2012 ஐயும் 2017 ஐயும் அருகருகே வைத்துப் பார்த்தால் கற்கலாம். சேமிப்பிலும் தொழிலிலும் முடிவெடுக்கும் நமக்கு அது அந்நியமான பாடம் அன்று. தவறினாலும் திருத்திக்கொள்ளச் சில சுற்றுகள் எஞ்சியிருக்கும் வேளையே துணிவதற்கு ஏற்றது.

வயது வரம்பு முடியும் தறுவாயில் தாம் நுழைந்த அந்தச் சுசுகா பள்ளிக்கு 2019 இல் சாட்டோ முதல்வராகத் திரும்பினார். நேர்முகத் தேர்வு கேட்டு நின்ற மாணவர், இன்று அடுத்த தலைமுறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருக்கிறார்.