கேமரா தயார், பேசத்தான் ஆள் வேண்டும்

இறுதியாண்டுத் திட்டப்பணியில் என்ன சிக்கல் என்று ஊடகத் துறை மாணவர்களைக் கேட்டால், பணம், கேமரா என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஆனால், இன்று கைப்பேசியிலேயே நன்றாகப் படமெடுக்கலாம். படத்தொகுப்புச் செயலிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒருவரைக் கேமரா முன் உட்காரச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு.

எங்கள் குழுவில் நால்வர். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் உழைத்த தமிழ்ப் பெண்களைப் பற்றிய ஆவணப்படம் எடுக்கிறோம். பினாங்கு என்றாலே ஜார்ஜ்டவுனும், 2008இல் அதற்குக் கிடைத்த யுனெஸ்கோ அங்கீகாரமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கடலுக்கு இந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில் இருக்கும் மாக் மண்டினுக்குக் கேமராவோடு வருபவர்கள் குறைவு. பாயான் லெப்பாஸில் 1972இல் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கும் முன்பே இங்குத் தொழிற்சாலைகள் இயங்கின.

தொழிற்சாலைக்குள் படமெடுக்க அனுமதி கேட்ட மின்னஞ்சல்களுக்குப் பதிலே இல்லை. டிரோன் பறக்கவிடலாம் என்றால், பக்கத்திலேயே விமானப்படைத் தளம். அனுமதி இல்லாமல் முடியாது. பதினான்கு வாரத் தவணையில் அதற்கு எங்கே காத்திருப்பது? அடுக்குமாடி ஒன்றின் ஐந்தாவது மாடி நடைபாதையிலிருந்து எடுத்தோம். காட்சி மோசமில்லை!

அடுத்தது ஒப்புதல் கடிதம். பல்கலைக்கழகம் கொடுத்தது ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கையெழுத்துப் போட்டா சொக்சோ காசு நின்னுருமா, ஐயா?" என்று கேட்டார். அன்றிரவே கடிதத்தைத் தமிழில் எழுதி, மறுநாள் வரிவரியாகப் படித்துக் காட்டினோம். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்ற வரியும் அதில் உண்டு.

பாட்டி அருமையாகப் பேசினார். பேச்சை எழுத்தாக்கும் செயலிதான் திணறியது. தமிழும் மலாயும் கலந்த பேச்சு அதற்குப் புரியவில்லை. சம்பளத்தை அவர் 'காஜி' என்றார். செயலியோ 'காசி' என்று எழுதி அவரை யாத்திரைக்கே அனுப்பிவிட்டது. ஒரு மணி நேரப் பேட்டியைக் கேட்டு எழுதி, மொழிபெயர்த்து, துணையுரை சேர்க்க இரண்டு நாளானது.

இரண்டு வாரம் கழித்து அவருடைய மகன் அழைத்தார். அந்தக் காலச் சூப்பர்வைசர் ஒருவரின் கெடுபிடி பற்றிப் பாட்டி மனம்விட்டுப் பேசியிருந்தார். அந்த மனிதர் இன்னும் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறாராம். "அம்மா பேசினதை எடுத்துடுங்க தம்பி" என்றார்.

கையெழுத்துதான் இருக்கிறதே என்றார் குழுவில் ஒருவர். முகத்தை மறைக்கலாம் என்றார் இன்னொருவர். அந்த அடுக்குமாடியில் பாட்டியின் குரலை அறியாதவர் யார்? விலகலாம் என்று நாமே படித்துக் காட்டிவிட்டு, மதிப்பெண்ணுக்காக அதை மறப்பது சரியில்லை என்று நான் சொன்னேன். வாதம் நள்ளிரவு வரை நீண்டது. கடைசியில் நீக்கினோம்.

பன்னிரண்டு நிமிடப் படம் இப்போது எட்டு நிமிடம். குறைந்தது பத்து நிமிடம் இருக்க வேண்டும். சமர்ப்பிக்க இரண்டு வாரமே உள்ளது. இன்னொரு பாட்டி, கேமரா வேண்டாம், குரலை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள் என்கிறார். விரிவுரையாளரும் சரி என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை போகிறோம்.