நந்தவனத்து ஈழத்தலரி: பருவமறிந்து எரு இடுவதும் திருப்பணியே

இறைவனுக்குப் பூத்தொண்டு புரிந்தோரைச் சைவமும் வைணவமும் ஒருசேரப் போற்றுகின்றன. திருப்புகலூரில் நாள்தோறும் மலர் பறித்து மாலை தொடுத்துச் சாத்திய முருக நாயனார் அறுபத்து மூவருள் ஒருவராக வணங்கப்படுகிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்துப் பெருமாளுக்கு மாலை கட்டிய பெரியாழ்வார் பன்னிரு ஆழ்வார்களுள் ஒருவர். மலர் பறிப்பதோடு, மலர் தரும் செடியை நீரும் எருவும் இட்டுக் காப்பதும் அத்தொண்டின் பகுதியே ஆகும்.

மலேசிய, சிங்கப்பூர் ஆலயங்களில் நந்தவனத்துக்கெனப் பெரும் நிலம் கிடைப்பது அரிது. மதிலோரத்தில் நாலைந்து மரங்களும் சில தொட்டிகளுமே பல ஆலயங்களின் நந்தவனம். அத்தகைய இடத்துக்கும் பொருந்தி வளரும் மரம் ஈழத்தலரி. மலாய் மொழியில் கெம்போஜா என்றும் ஆங்கிலத்தில் பிரஞ்சிப்பானி என்றும் வழங்கப்படுவது இதுவே.

கடல் கடந்து வந்த மலர்

இம்மரத்தின் தாயகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள் ஆகியன. ஐரோப்பியர் கப்பலேறிய காலத்தில் இது ஆசியாவுக்கு வந்தது. புளுமேரியா என்னும் அறிவியற்பெயர், சார்ல் புளுமியே (1646-1704) என்ற பிரெஞ்சுத் துறவியின் நினைவாக இடப்பட்டதாகும்.

மலாய்க்காரர்களின் இடுகாடுகளில் இம்மரம் மிகுதியாக நிற்பதால், ஆலயத்தில் இதனை வைக்கலாமா என்று தயங்குவோர் இன்றும் உண்டு. ஆனால் பாலித் தீவின் இந்துக்கள் அன்றாடப் படையலில் இம்மலரை வைக்கின்றனர். இலங்கையின் பௌத்த விகாரைகளில் இது புத்தர் திருவடியில் இடப்படுகிறது. லாவோஸ் நாட்டின் தேசிய மலரும் இதுவே. இதனை மூலவருக்குச் சாத்துவதா, அலங்காரத்துக்கு மட்டும் கொள்வதா என்பது அந்தந்த ஆலயத்தின் வழக்கையும் குருக்களின் சொல்லையும் பொறுத்தது.

நேற்றிட்ட எரு இன்று பூக்காது

திருவிழா நெருங்கும்போது மரம் பூக்கவில்லையே என்று பதறி, உரத்தை அள்ளிக் கொட்டுவது பல இடங்களில் நடக்கிறது. இதனால் மரத்துக்குக் கேடே விளையும். ஈழத்தலரியின் பூங்கொத்து கிளையின் நுனியில்தான் தோன்றும். அது அரும்பி விரிவதற்கே சில வாரங்கள் ஆகும். பூத்த நுனி பின்னர் இரண்டு மூன்று கிளைகளாகப் பிரியும். நுனிகள் பெருகப் பெருகப் பூவும் பெருகும். ஆகவே, இன்று காணும் பூ சென்ற பருவத்தில் மரம் பெற்ற ஊட்டத்தின் பயனாகும். ஆலயத்தின் நாட்காட்டியைக் காட்டிலும் மரத்தின் இலையைப் பார்த்தே எரு இடவேண்டும்.

இலையைக் கொண்டே வகையையும் அறியலாம். இலை நுனி கூர்மையாக இருந்து, சிவப்பு, மஞ்சள், வெள்ளை எனப் பல நிறங்களில் பூப்பது ஒரு வகை. வறட்சி வந்தால் இது இலை உதிர்த்து ஓய்வு கொள்ளும். இலை நுனி வட்டமாக இருந்து, நடுவில் மஞ்சள் தோய்ந்த வெண்மலர் தருவது மற்றொரு வகை. இது ஆண்டு முழுதும் பசுமையாக நிற்கும். தைப்பூசத்துக்கு மலர் வேண்டும் ஆலயங்கள் இவ்வகையை நடுவது நன்று. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறையும் பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் முதல் வகை அப்போது இலையுதிர்த்து நிற்கக்கூடும்.

இந்நாட்டுப் பருவங்களில்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் குளிர்காலம் இல்லை. மழையே இங்குப் பருவத்தை வகுக்கிறது. பெருமழை மண்ணிலுள்ள சத்துகளைக் கரைத்துக்கொண்டு போய்விடும். ஆதலால் ஒரே தடவையில் நிறைய இடுவதைவிட, சிறிது சிறிதாகப் பலமுறை இடுவதே பயன் தரும். இலையுதிர்த்த மரத்துக்குப் புதுத்தளிர் விட்ட பின்னரே முதல் எரு. தொடர்ந்து ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை இடலாம். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் ஜனவரி வரை பெய்யும் அடைமழையின்போது நிறுத்திவிடுவதே சிறப்பு.

மட்கிய மாட்டு எருவோ கோழி எருவோ அடித்தள ஊட்டமாகும். இதனுடன், எண்ணெய்ப்பனை, பழமரங்களுக்கு இடுவதற்கெனக் கடைகளில் கிடைக்கும் நீல நிறக் கலப்பு உரம் (12:12:17:2) பூக்கும் மரத்துக்கு ஏற்றது. அதில் சாம்பல் சத்து மிகுதி, மக்னீசியமும் உண்டு. தொட்டிச் செடிக்கு மாதம் ஒரு தேக்கரண்டி போதும். நிலத்து மரத்துக்கு, அடிமரத்தை விட்டு விலகிக் கிளைகளின் நிழல் விழும் வட்டத்தில் தூவி, நீர் பாய்ச்ச வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் கிளை நெடுநெடுவென வளருமே தவிரப் பூ குறையும்.

பிற நாடுகளில்

தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி தொடங்கும்போது மரம் இலையுதிர்க்கும். பங்குனியில் தளிர் கண்டதும் எரு இடத் தொடங்கிப் புரட்டாசியோடு நிறுத்துவது பொருந்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இட்டால் எரு வீணாகும், வேரும் அழுகக்கூடும்.

ஆஸ்திரேலியாவின் பெர்த் போன்ற நகரங்களில் பருவம் தலைகீழ். அங்கு ஜூன் முதல் ஆகஸ்டு வரை குளிர். செப்டம்பரில் தளிர் விட்டபின் தொடங்கிப் பிப்ரவரியோடு முடிப்பதே முறை. இங்கிலாந்து, கனடா நாடுகளில் தொட்டியில் மட்டுமே இதனை வளர்க்க இயலும். இளவேனிலில் தொடங்கி ஆகஸ்டில் எருவை நிறுத்திவிட்டு, குளிர் 10 பாகைக்கு இறங்குமுன் வீட்டினுள் கொண்டுவந்து, தண்ணீரையும் பெரிதும் குறைக்க வேண்டும். உறங்கும் மரத்துக்கு ஊட்டம் வேண்டுவதில்லை என்பது எல்லா நாட்டுக்கும் பொது.

பக்தியால் நேரும் பிழை

அபிஷேகம் செய்த பால், தயிர், தேன், பஞ்சாமிர்தம் ஆகியவற்றை மரத்தடியில் ஊற்றுவது சில ஆலயங்களில் வழக்கமாகிவிட்டது. புனிதமான பொருள் வீணாகலாகாது என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம். எனினும், பாலின் கொழுப்பு மண்ணில் படிந்து காற்றோட்டத்தைத் தடுக்கும். இனிப்பு எறும்பை வரவழைக்கும். நீர் தேங்கினாலே அழுகும் வேரினை உடைய ஈழத்தலரி இதனைத் தாங்காது. விளக்கெண்ணெய்க் கழிவும் அவ்வாறே. ஹோமச் சாம்பலைச் சிறிதளவு தூவலாம். குவித்தால் மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும்.

மாறாக, நாள்தோறும் கழியும் மாலைகளை நார், பிளாஸ்டிக் கயிறு நீக்கி, மாட்டெருவுடன் அடுக்கி மட்கவைத்தால் சில மாதங்களில் நல்ல எரு கிடைக்கும். இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படியும் துரு நோய் கண்ட இலைகளை மட்டும் அதில் சேர்க்கலாகாது.

மரத்துக்கு என்ன குறை என்பதையும் இலையே அறிவிக்கும். முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாக இருக்க இடைவெளி மஞ்சளானால் மக்னீசியக் குறை. இளந்தளிர் அவ்வாறு வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை. கிளையை ஒடிக்கும்போது வடியும் பால் தோலையும் கண்ணையும் உறுத்தும். தொண்டர்கள் கையுறை அணிதல் நலம்.

இறைவனுக்குச் சாத்திய மாலை எருவாகி, எரு வேரில் சேர்ந்து, மீண்டும் மலராகி அவன் திருவடிக்கே வருகிறது. அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. மாதம் ஒருமுறை மரத்தடியில் நின்று இலையை உற்று நோக்கும் தொண்டர் ஒருவர் இருந்தால் போதும். ஆலய நிர்வாகத்தினர் அப்பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்து, இவ்வாண்டே தொடங்கினால், அடுத்த திருவிழாவில் நந்தவனம் அதன் பயனைக் காட்டும்.